வெளிநாட்டில் ஓட்ட எந்த அனுமதிப்பத்திரம்? மலையகச் சாரதிகளுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் வாகனம் ஓட்ட எந்த அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற கேள்விக்கு, எந்த நாடு, என்ன விசா, எந்த வாகனம் என்ற மூன்றும் தெரியாமல் விடை சொல்ல இயலாது. ஆயினும் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களில் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளின் வாசலுக்கு வரும் இளைஞர்களில் பலர், "ஏதாவது ஒரு லைசன் இருந்தால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று எவரோ சொன்னதை நம்பி, எது விரைவில் கிடைக்குமோ அந்த வகுப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அதன் விளைவு விமானம் ஏறிய பின்னரே தெரியவருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேலைக்கோ குடியேறவோ செல்பவருக்கு இலங்கை அனுமதிப்பத்திரம் பெரும்பாலான நாடுகளில் நிலையான ஓட்டுரிமையைத் தருவதில்லை. அந்நாட்டு அனுமதிப்பத்திரத்தைப் பெறும்போது முன் அனுபவத்துக்கான சான்றாகவே அது பயன்படுகிறது. ஆகவே இங்கே எடுக்கும் வகுப்பைத் தெரிவு செய்வதும் அங்கே எடுக்கப்போகும் வகுப்பைத் தெரிவு செய்வதும் இரு வேறு தீர்மானங்கள். முதலாவதைப் புறப்படுவதற்குப் பல காலம் முன்பே எடுக்க வேண்டும். இரண்டாவதை விசாவில் எழுதியிருக்கும் தொழிலைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

இங்குள்ள வகுப்புகளும் அவற்றின் எல்லையும்

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் அனுமதிப்பத்திரத்தில், 100 சீசீ வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டதற்கு ஏ, முச்சக்கரவண்டிக்கு பி1, மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத கார், வேன் போன்றவற்றுக்கு பி, லொறிகளுக்கு சி1, சி, பயணிகள் பஸ்களுக்கு டி1, டி, கை உழவு இயந்திரத்துக்கு ஜி1 என வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் மலையகத்தில் பலரிடம் இருப்பவை ஏ, பி1 ஆகியவையே. லயன் பாதையில் முச்சக்கரவண்டி ஓட்டியே குடும்பம் நடத்தும் ஒருவர், பத்து ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும், வெளிநாட்டு அதிகாரி ஒருவரின் பார்வையில் கார் ஓட்டிய அனுபவம் இல்லாதவரே. சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கான 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும், 400 கிலோகிராமுக்கு மேற்படாத மூன்று சக்கர வாகனங்களை மோட்டார் சைக்கிளோடு ஒரே பிரிவிலேயே வைத்திருக்கிறது. எனவே கார், வேன், பிக்கப் ஆகியவற்றில் எதையேனும் ஓட்டும் வேலைக்குச் செல்ல எண்ணுபவர், எப்போது செல்வது என்பது முடிவாகாத நிலையிலும், பி வகுப்பைச் சேர்த்துக்கொள்வதே முதற்படி.

அதை ஏன் முன்கூட்டியே செய்ய வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. பல நாடுகள் அனுபவத்தைக் கணக்கிடுவது அந்த வகுப்பு வழங்கப்பட்ட திகதியிலிருந்துதான். உதாரணமாக துபாயில், முன் அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு 20 மணித்தியாலம் பயிற்சி விதிக்கப்படும் இடத்தில், இரண்டு முதல் ஐந்து ஆண்டு பழமையான அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு 15 மணித்தியாலமும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவருக்கு 10 மணித்தியாலமும் போதுமென நடைமுறை வகுக்கப்பட்டது. அங்கே பயிற்சிக்கு ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பணம் கட்ட வேண்டும்; முதல் சம்பளத்துக்கு முன்னரே கடன்பட்டுச் சென்றிருப்பவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. பதினெட்டு வயதில் பி வகுப்பை எடுத்து வைத்திருக்கும் இளைஞர், இருபத்து நான்கு வயதில் புறப்படும்போது எந்தக் கூடுதல் செலவுமின்றி ஆறு ஆண்டு அனுபவத்தைக் கையில் கொண்டு செல்கிறார்.

மோட்டார் சைக்கிளிலும் இதே எச்சரிக்கை தேவை. வளைகுடா நாடுகளில் உணவு விநியோக வேலைக்கு ஆட்கள் எடுக்கப்படும்போது, அங்கே ஓட்டப்படும் வண்டிகள் பெரும்பாலும் 100 சீசீயைத் தாண்டியவை. ஏ1 மட்டும் வைத்திருப்பவர் தமக்குத் தகுதி இருப்பதாக எண்ணிக்கொள்வது தவறு. ஏ வகுப்பு இருந்தாலும் அங்கே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பரீட்சை உண்டு. கார் அனுமதிப்பத்திரம் அதற்குச் செல்லாது.

கியரா, ஓட்டோவா

தெரிவுகளுள் மிக எளிதாகத் தோன்றி, பின்னர் அதிகம் வருந்த வைப்பது இதுதான். தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர் வாகனத்தில் பரீட்சைக்குத் தோற்றினால், அனுமதிப்பத்திரத்திலும் அந்த வரையறை பதியப்படும். ஐக்கிய அரபு இராச்சியம், பிரித்தானியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலும் இதே பிரிவு நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரில் கையால் கியர் மாற்றும் காருக்கு 3ஆம் வகுப்பு, ஓட்டோவுக்கு 3ஏ என்று பெயரே வேறு. வீட்டுச் சாரதியாகச் செல்பவருக்கு ஓட்டோ போதும் என்று நினைக்கத் தோன்றும். அங்குள்ள குடும்ப வாகனங்களில் பெரும்பாலானவை ஓட்டோவே. ஆனால் அந்த வீட்டு வேலை நிலைக்காமல் ஒரு கம்பனியின் பிக்கப்புக்கோ சரக்கு வேனுக்கோ மாற நேரிட்டால், ஓட்டோ மட்டுமே உள்ளவர் மீண்டும் பயிற்சி, மீண்டும் பரீட்சை என்று தொடங்க வேண்டியிருக்கும். எனது அபிப்பிராயத்தில், மலையகத்தில் பழகுபவர் எவரும் கிளட்ச் உள்ள வாகனத்திலேயே பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். ரம்பொடை ஏற்றத்திலும் கடுகண்ணாவை இறக்கத்திலும் இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பழகியவருக்கு அந்தத் திறமையைத் தாளில் பதிந்துகொள்ளாமல் விடுவது வீண்.

சர்வதேச அனுமதிப்பத்திரம் எதற்கு, எதற்கில்லை

கொழும்பு காலிமுகத்திடலுக்கு அருகே உள்ள சிலோன் ஓட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகிறது. இது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். இதனைப் பெரிய தகுதியாகக் காட்டிப் பணம் பறிக்கும் சிறு முகவர்கள் இருப்பதால், இதன் தன்மையைத் தெரிந்துகொள்வது அவசியம். இது இங்கிருக்கும் அனுமதிப்பத்திரத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே. மூல அனுமதிப்பத்திரம் கூடவே இல்லாவிட்டால் இதற்குப் பெறுமதி இல்லை. மூலத்தில் இல்லாத வகுப்பு இதில் தோன்றாது. சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ செல்பவருக்கு இது பெரிதும் உதவும். ஜப்பான், 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட சர்வதேச அனுமதிப்பத்திரத்தையே ஏற்கும். இலங்கை அந்த உடன்படிக்கையில் இணைந்த நாடு என்பதால் நம்மவர் அங்கே நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து ஓராண்டு வரை, பத்திரம் காலாவதியாகாத வரையில், ஓட்டலாம். ஆனால் வதிவிட விசாவில் வேலைக்குச் செல்லும் வளைகுடாச் சாரதிக்கு இதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டும் உரிமை இல்லை. இதற்கான பணத்தை இங்கேயே கட்டிவிட்டு, அங்கே போய் உள்ளூர் அனுமதிப்பத்திரத்துக்கும் கட்ட நேரிடுகிறது.

வளைகுடாவுக்குச் செல்பவர்கள்

மலையகத்திலிருந்து சாரதிகளாகச் செல்பவர்களில் கணிசமானோர் வளைகுடா நாடுகளுக்கே செல்வதால், இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது.

முதலில் பார்க்க வேண்டியது விசாவில் எழுதப்பட்டிருக்கும் தொழில். "வீட்டுச் சாரதி" என்று எழுதப்பட்டிருப்பவர் அந்த வீட்டாருக்கு ஓட்டுவதற்கே அழைக்கப்படுகிறார். கம்பனிச் சாரதி வேறு. "தொழிலாளி" என்று எழுதப்பட்ட விசாவில் சென்று, அங்கே சாரதி வேலை தருவதாகச் சொல்லப்படுவது மூன்றாவது வகை, அதுவே ஆபத்தானது. குவைத்தில் வெளிநாட்டவர் ஒருவர் சொந்தமாக அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு வதிவிடக் காலம், சம்பளம், கல்வித் தகுதி என நிபந்தனைகள் உள்ளன. சாரதித் தொழிலுக்கென்றே வந்தவருக்கு விலக்குக் கிடைக்கும், ஆனால் அந்த விலக்கு அவரது தொழிலோடு பிணைந்தது. தொழில் மாறினால் அனுமதிப்பத்திரமும் கேள்விக்குள்ளாகும். சவூதியிலும் தனியார் வாகனத்துக்கான அனுமதிப்பத்திரமும் வாடகை, பொது வாகனங்களுக்கான அனுமதிப்பத்திரமும் வெவ்வேறு. ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன், எந்த வகை அனுமதிப்பத்திரத்தை வேலை கொடுப்பவர் எடுத்துத் தருவார், அதற்கான பயிற்சிச் செலவை யார் ஏற்பார், முதல் தடவை சித்தியடையாவிட்டால் அடுத்த கட்டணம் யாருடையது என்பவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்வார்த்தையாக "எல்லாம் கம்பனி பார்க்கும்" என்பது பின்னர் சம்பளத்தில் வெட்டப்படும் தொகையாக மாறுவதை மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கத்தில் விசாரித்தால் பலர் சொல்வார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யும்போதும் ஒப்பந்தத்தில் உள்ள தொழிலும் விசாவில் உள்ள தொழிலும் ஒன்றா என்பதை நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளூர் அனுமதிப்பத்திரம் கைக்கு வருமுன் "பரவாயில்லை, கிட்டத்தானே, ஓட்டு" என்று முதலாளி சொன்னாலும் ஓட்டக்கூடாது. விபத்தில் ஒருவர் இறந்தால் சவூதி போன்ற நாடுகளில் தியா என்னும் இழப்பீடு குற்றவாளியாகக் காணப்பட்ட சாரதியின் மேல் விழும். செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாதபோது காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம். ஓட்டச் சொன்னவர் சிறைக்குப் போவதில்லை.

பரீட்சையைப் பொறுத்தவரை, துபாயின் எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம்மவருக்குப் பெரிய வசதி. செய்முறைப் பரீட்சைக்குத்தான் மனதைத் தயார்ப்படுத்த வேண்டும். வளைகுடா முழுவதும் வீதியின் வலப்பக்கத்தில் ஓட்ட வேண்டும். சாரதியின் இருக்கை இடப்பக்கம் இருக்கும். கியர் வலக்கையில் வரும். வட்டச் சந்தியில் சுற்றும் திசையும் மாறும். ஏ5 வீதியில் வளைவுக்கு வளைவு ஹோன் அடித்து, எதிரே ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டுப் பழகிய கையும் கண்ணும், ஆறு நிரல்கள் கொண்ட நேரான வீதியில் வேகத்தைச் சீராக வைத்து, பக்கக் கண்ணாடியைப் பார்த்து நிரல் மாறுவதற்குத் தனியாகப் பழக வேண்டும். மலையில் நன்றாக ஓட்டுபவர்கள் அங்கே முதல் பரீட்சையில் தவறுவது நிரல் மாற்றத்திலும் வட்டச் சந்தியிலும்தான் என்பதே நான் கேட்டறிந்தது.

எழுத்து ஒன்று, நிறை வேறு

லொறி, பஸ் சாரதிகளாகச் செல்ல எண்ணுபவர்கள் வகுப்பின் எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. இலங்கையின் சி1 வகுப்பு 3,500 கிலோகிராமுக்கு மேல் 17,000 கிலோகிராம் வரையிலான லொறிகளுக்கானது. சி அதற்கும் மேற்பட்டவற்றுக்கு. ஐரோப்பாவில் சி1 என்பது 7,500 கிலோகிராமோடு முடிந்துவிடுகிறது. 7,500ஐத் தாண்டிய நிறைகளுக்கு அங்கே சி தேவை. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றும் லொறியையும் நகரத்துக்கு மரக்கறி கொண்டு செல்லும் லொறியையும் சி1இல் ஓட்டியவர், ஐரோப்பிய வேலை விளம்பரத்தில் சி1 என்று கண்டதும் தமது வேலை என்று எண்ணினால், அங்கே அது சிறு லொறி மட்டுமே என்பதை அறிந்திருக்க வேண்டும். அதுபோல் நமது டி1 வகுப்பு 33 இருக்கைகள் வரை செல்லும். ஐரோப்பிய டி1 சாரதியைத் தவிர 16 பயணிகளோடு நின்றுவிடும்.

மேலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழிலாக லொறியோ பஸ்ஸோ ஓட்டுபவருக்கு அனுமதிப்பத்திரத்துக்கு மேலாக 95 என்னும் குறியீட்டால் காட்டப்படும் தொழில்முறைத் தகுதியும் தேவை. ருமேனியா, போலந்து போன்ற நாடுகளுக்கு லொறிச் சாரதியாக அனுப்புவதாகச் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தகுதிக்கான பயிற்சி யாருடைய செலவில், எந்த மொழியில் என்பதே. இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தராத முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

ஜப்பான் இன்னொரு விதமாகப் பிரிக்கிறது. அங்கே 2017ஆம் ஆண்டு முதல் லொறி நிறைகள் 3.5 தொன், 7.5 தொன், 11 தொன் என்ற எல்லைகளில் நான்கு வகுப்புகளாக உள்ளன. டக்சி, பஸ் போன்றவற்றில் கூலிக்குப் பயணிகளை ஏற்ற இரண்டாம் வகை அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் "குறித்த திறன் கொண்ட தொழிலாளர்" என்னும் விசாத் திட்டத்தில் மோட்டார் போக்குவரத்துத் துறையும் சேர்க்கப்பட்டதால் வெளிநாட்டவருக்கும் இவ்வேலைகளுக்கு வழி திறந்துள்ளது. வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை ஜப்பானியப் பத்திரமாக மாற்றும் முறை 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் கடினமாக்கப்பட்டது: பத்து வினாக்களாக இருந்த அறிவுப் பரீட்சை ஐம்பதாகி, சித்திக்கு 90 சதவீதம் தேவை. அனுமதிப்பத்திரம் எடுத்த பின் குறைந்தது மூன்று மாதங்கள் அதை வழங்கிய நாட்டில் தங்கியிருக்கவும் வேண்டும்; ஆகவே புறப்படுவதற்கு முந்தின வாரம் எடுத்த பத்திரம் ஜப்பானில் மாற்றத்துக்கு உதவாது. வீதியின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது மட்டும் நமக்குச் சாதகம்.

குடியேறுபவர்கள், படிக்கச் செல்பவர்கள்

பிரித்தானியாவில் வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்களுக்கு இலங்கை அனுமதிப்பத்திரத்தில் கார் ஓட்டலாம். அதன் பின் நேரடியாக மாற்ற வழியில்லை. பரீட்சைக்குத் தோற்றியே ஆக வேண்டும். அங்கே எழுத்துப் பரீட்சைக்கு முன்பு தமிழ் ஒலிவழி உதவி இருந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது, இப்போது ஆங்கிலம் கட்டாயம். எனவே அந்தப் பன்னிரண்டு மாதங்களைச் சும்மா கழிக்காமல், முதல் மாதத்திலேயே பழகுநருக்கான தற்காலிகப் பத்திரத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது.

கனடாவின் ஒன்டாரியோவில் கிடைக்கும் அவகாசம் 60 நாட்கள் மட்டுமே. அங்கே ஜி1, ஜி2, ஜி என்று படிப்படியாக ஏற வேண்டும். நமது உழவு இயந்திர ஜி1க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆறுதலான செய்தி, ஜி1 அறிவுப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். வெளிநாட்டு அனுபவம் இரண்டு ஆண்டுக்கு மேல் உண்டென்று உறுதிப்படுத்தினால் காத்திருப்புக் காலமின்றி நேரே இறுதி வீதிப் பரீட்சைக்குச் செல்லலாம். அதற்கு அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால் மட்டும் போதாது, வழங்கிய அதிகாரியின் உறுதிப்படுத்தல் கடிதமும் வேண்டும். இதைப் புறப்படுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெற்று, வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திக்கொண்டு செல்பவருக்கும், போன பின் ஊரிலுள்ள தம்பியை வெரஹெரவிலுள்ள திணைக்கள அலுவலகத்துக்கு அலையவைப்பவருக்கும் இடையே மாதங்கள் வித்தியாசப்படும்.

சிங்கப்பூரில் வதிவோருக்கு 12 மாதங்கள் அவகாசம். வேலை அனுமதியில் சென்று சாரதியாகவே பணிபுரிபவருக்கு ஆறு மாதங்கள்தான். மாற்றிப் பெறும் பத்திரத்தில் சரக்கு வாகனம் அடங்குவதில்லை என்பதால், வேன் ஓட்டச் செல்பவர் முழுப் பரீட்சைக்குத் தயாராக வேண்டும்.

கடதாசி வேலைகள்

மலையகத்தவருக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் தோட்ட நிருவாகம் எழுதியபடி ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தா முழுப்பெயரா என்ற குழப்பம் எனப் பல வீடுகளில் உண்டு. அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து வேறுபட்டாலும் அங்குள்ள கணினி இருவரையும் வேறு ஆட்களாகவே காணும். சத்தியக்கடதாசியை அரபு நாட்டு அதிகாரி ஏற்பாரென்று எதிர்பார்க்க முடியாது. கடவுச்சீட்டு முதலில், அதற்கேற்ப அனுமதிப்பத்திரம் என்ற ஒழுங்கில் திருத்துவது குறைந்த அலைச்சல் தரும்.

காலாவதித் திகதியையும் கவனியுங்கள். இலகு வாகன அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டுகளுக்கும், கனரக வாகனத்துக்கானது நான்கு ஆண்டுகளுக்கும் வழங்கப்படுவதால், இரண்டு வருட ஒப்பந்தத்தின் நடுவில் காலாவதியாகக் கூடியதைப் புறப்படுமுன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் தேவை; அதற்கு நேரில் வந்தாக வேண்டும். அட்டையின் இரு பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அங்கே போனதும் அனுமதிப்பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் முதலாளி "பாதுகாப்புக்காக" வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நடக்கிறது.

விடுமுறையில் வரும் உறவினர்கள், வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டுமே உள்ள பிள்ளைகளைக் கூட்டி வந்து, எல்லப் பக்கம் வேனொன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டவிட விரும்பினால், அவர்களுக்கும் இங்குள்ள அங்கீகாரம் வேண்டும். சர்வதேச அனுமதிப்பத்திரத்தில் சிலோன் ஓட்டோமொபைல் சங்கத்தின் மேலொப்பத்தைப் பெறலாம், அல்லது திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரத்தை எடுக்கலாம். 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்கு இதற்கான கருமபீடம் இயங்குகிறது. இலங்கை அனுமதிப்பத்திரம் இன்னும் செல்லுபடியாக உள்ளவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. காலாவதியாகியிருந்தால், வாகனத்தை எடுக்குமுன் மருத்துவச் சான்றிதழோடு புதுப்பித்தலை முடித்துக்கொள்ள விடுமுறையின் முதல் வாரத்தை ஒதுக்கிவைக்கட்டும்.